இரண்டு வாக்குகளால் வந்த ஓய்வூதியம்: ஜே. எஸ். வூட்ஸ்வேர்த்தின் கதை

கனடாவில் முதியோர் ஓய்வூதியம் மாதக் கடைசி நாட்களில் வங்கிக் கணக்கில் வந்து விழும். எங்கள் பெரியவர்கள் அதை ஓல்ட் ஏஜ் காசு என்பார்கள். அரசாங்கம் தருகிறது என்று சொல்லிக்கொள்வோம். சிலர் அதை நன்றியோடு வாங்குவார்கள். சிலர் கொஞ்சம் கூச்சத்தோடு வாங்குவார்கள், உழைக்காத காசு என்ற எண்ணம் உள்ளே கிடக்கும். ஊரில் பென்சன் என்றால் அது அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு உரியது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று எங்கள் அப்பப்பாமார் சொன்னதற்கு அந்தப் பென்சனே பெரிய காரணம். தோட்டம் செய்தவரும் கடலுக்குப் போனவரும் வயது போனால் பிள்ளைகளின் கையைப் பார்த்திருந்த காலம் அது.

அப்படியிருக்க, எந்த உத்தியோகமும் பார்க்காத ஒரு கிழவிக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாடு எப்படி முடிவெடுத்தது? கனடாவில் அந்த முடிவு தானாகக் கனிந்து விழவில்லை. 1926 ஜனவரியில் ஒரு சிறுபான்மை அரசாங்கத்தின் கழுத்து இரண்டே இரண்டு தொழிற்கட்சி உறுப்பினர்களின் கையில் இருந்தபோது பிடுங்கி எடுக்கப்பட்டது அது. அந்த இருவரில் மூத்தவரான ஜேம்ஸ் ஷேவர் வூட்ஸ்வேர்த்தின் வாழ்க்கையைப் புலம்பெயர்ந்த நாங்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. எங்களைப் போன்றவர்களைப் பற்றி அவர் முதலில் எழுதியது எங்களுக்கு உவப்பானதல்ல. அதையும் சேர்த்துத்தான் அறியவேண்டும்.

வூட்ஸ்வேர்த் பிறந்தது 1874 ஜூலை 29இல், இன்று எங்களில் பலர் வாழும் ரொறன்ரோவின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில். அப்பிள்வூட் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். அந்த வீடு இடம் மாற்றப்பட்டு இன்றும் எற்றோபிக்கோவில் நிற்கிறது. தகப்பனார் மெதடிஸ்த திருச்சபைப் போதகர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாடசாலைகள் நிறுவிய அதே திருச்சபை மரபுதான். 1880களில் குடும்பம் மனிற்றோபாவுக்குப் போனது. மகனும் தகப்பன் வழியில் போதகரானார். ரொறன்ரோவில் இறையியல் படித்துவிட்டு, 1899இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போனார். அங்கே இருந்தபோது லண்டன் கிழக்குப் பகுதியின் சேரிகளை நேரில் கண்டார். உலகத்திலேயே பணக்காரச் சாம்ராச்சியத்தின் தலைநகரில் மனிதர் அப்படி வாழ்வதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மட்டும் போதுமானதாகத் தெரியவில்லை.

1907இல் வினிப்பெக் நகரின் வடக்கு முனையில் இருந்த ஓல் பீப்பிள்ஸ் மிஷன் என்ற நிலையத்துக்குப் பொறுப்பாளரானார். வினிப்பெக் அப்போது வீங்கி வளர்ந்துகொண்டிருந்தது. 1901இல் சுமார் 42,000 பேர் வாழ்ந்த நகரில் 1911இல் 136,000 பேர். ரயில் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் உக்ரேனியர், போலந்துக்காரர், யூதர், ஜேர்மானியர் என்று வந்திறங்கியவர்கள் ஒரே அறைக்குள் நெருங்கி வாழ்ந்தார்கள். வூட்ஸ்வேர்த் இரவுப் பாடசாலைகளும் சிறுவர் வகுப்புகளும் நடத்தினார். வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு உழைக்கிறார்கள், வாடகைக்கு எவ்வளவு போகிறது, மிச்சம் என்ன என்று கணக்கெடுத்தார். புதிதாக வந்த நாட்டில் ஆங்கில வகுப்புக்கு இரவில் போய்வந்த எங்கள் தலைமுறைக்கு அந்த இடம் அந்நியமாக இராது.

அந்த நாட்களில், 1909இல், எங்கள் வாசலுக்குள் வந்த அந்நியர்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கனடாவுக்கு வந்த குடிவரவாளர்களை இனம் இனமாகப் பிரித்து அடுக்கிய புத்தகம் அது. பிரித்தானியர், அமெரிக்கர், ஸ்கண்டிநேவியர் மேலே. கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் அடுத்தபடியில். சீனர், யப்பானியர், இந்தியத் துணைக்கண்டத்தவர் எல்லாம் அடியில். ஆசியர்கள் கனடியச் சமூகத்தோடு கலக்க முடியாதவர்கள் என்பதே அவரது முடிவு. அப்போது கனடிய அரசின் எண்ணமும் அதுதான். 1908இலேயே, பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரடியாகப் பயணம் செய்தவரையே அனுமதிப்போம் என்று ஒரு விதி கொண்டுவந்து இந்தியர்களின் வரவை அடைத்திருந்தார்கள். 1914இல் கொமகாட்டா மாரு கப்பலில் வன்கூவர் வந்த 376 பேரில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பியதும் அந்த விதியைக் காட்டித்தான்.

நல்ல மனம் படைத்த மனிதர், ஏழைகளோடு வாழ்ந்தவர், அவரே இப்படி எழுதினார். இதை மறைத்து அவரைப் புகழ்வது எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அவர் அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடவுமில்லை. அதற்குப் பிறகு நடந்தவை அவரை வேறு மனிதராக்கின.

1913இல் மிஷனை விட்டு வெளியேறிய வூட்ஸ்வேர்த், பின்னர் மூன்று மேற்கு மாகாணங்களுக்கும் பொதுவான சமூக ஆய்வு அலுவலகம் ஒன்றின் பணிப்பாளரானார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போருக்கு ஆட்களைப் பதிவு செய்யும் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1917இல் அந்த அலுவலகமே மூடப்பட்டது, வேலை போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சிறு கடலோரச் சபைக்குப் போதகராகப் போனார். போரை எதிர்த்ததால் அங்கேயும் நிலைக்க முடியவில்லை. திருச்சபை போரை ஆதரித்து ஆள் சேர்ப்பதைப் பொறுக்க முடியாமல் 1918இல் போதகர் பதவியையே விட்டு விலகினார்.

அப்போது அவருக்கு வயது 44. மனைவி லூசி, ஆறு பிள்ளைகள். மெலிந்த உடம்பு. ஒக்ஸ்போர்ட் போய்வந்த அந்த மனிதர் வன்கூவர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலைக்குப் போனார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். வேலை கிடைக்கும் நாளில் சம்பளம், கிடைக்காத நாளில் ஒன்றுமில்லை. படித்த படிப்புக்கும் பார்த்த உத்தியோகத்துக்கும் சம்பந்தமில்லாத வேலையில் இறங்கிய எத்தனையோ பேர் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே தொழிற்சாலையில் நின்றார், கணக்காளர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அப்படி வேலை செய்கிற உடம்பு ஒரு வயதுக்கு மேல் தாங்காது என்பதை வூட்ஸ்வேர்த் துறைமுகத்தில் கண்கூடாகக் கண்டார். அறுபது வயதுச் சுமையாளனை யார் கூப்பிடுவார்கள்? தன் நாட்கூலியில் அவன் எதைச் சேமித்திருக்க முடியும்?

1919 ஜூனில் வினிப்பெக்குக்கு வந்தபோது நகரமே வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஏறத்தாழ 30,000 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. வேலைநிறுத்தத் தலைவர்கள் கைதானதும், அவர்களின் செய்தித்தாளை நடத்தும் பொறுப்பை வூட்ஸ்வேர்த் ஏற்றார். சில நாட்களில் அவரும் கைதானார். அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டும் எழுத்து என்று வழக்குப் போட்டார்கள். அந்தக் குற்றப் பத்திரத்தில் விவிலியத்தின் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஏழைகளை ஒடுக்கும் சட்டம் இயற்றுவோரைக் கண்டிக்கும் அந்த வசனங்களை அவர் செய்தித்தாளில் அச்சிட்டதும் குற்றமாகியது. வழக்கு விசாரணைக்கு வராமலே கைவிடப்பட்டது. 1921இல் வினிப்பெக் தொழிலாளர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சாகும்வரை அவரே அவர்களின் உறுப்பினர்.

இனி அந்தக் காலத்து முதியவர்களின் நிலையைச் சொல்லவேண்டும். வயோதிப காலத்துக்குச் சேமிக்க விரும்புவோர் அரசிடம் பணம் கட்டிவைக்கலாம் என்று 1908இலேயே ஒரு திட்டம் இருந்தது. கட்டிவைக்கப் பணம் இருந்தவர்கள்தான் அதில் சேரலாம், சேர்ந்தவர்களும் மிகச் சிலரே. மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள், இல்லாவிட்டால் ஏழைகள் விடுதி. ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாவட்டமும் அப்படி ஒரு விடுதி நடத்தவேண்டும் என்பது சட்டம். குற்றம் எதுவும் செய்யாத முதியவர்களைப் போக்கிடம் இல்லாத காரணத்தால் உள்ளூர்ச் சிறைகளில் தங்கவைத்ததும் உண்டு. பெற்றோரைப் பராமரிக்கும்படி பிள்ளைகளை நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம் என்று ஒன்ராறியோ 1921இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் கடமையைச் சட்டத்தால் இறுக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை.

இந்த இடத்தில் எங்கள் மனமும் அந்தப் பக்கம் சாயும். பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடன், இதில் அரசுக்கு என்ன வேலை என்று எங்கள் வீடுகளிலும் பேசுகிறோம். அன்று ஓய்வூதியத்தை எதிர்த்தவர்களும் அதையேதான் பேசினார்கள். அரசு பணம் கொடுத்தால் பிள்ளைகள் கைவிடுவார்கள், மக்கள் சேமிக்க மறப்பார்கள், சோம்பேறித்தனம் வளரும் என்றார்கள். வூட்ஸ்வேர்த் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர். தன் பிள்ளைகளுக்கே சாப்பாடு போதாத மகனிடம் தாயையும் பார் என்று சட்டம் சொன்னால், ஒரே பாணை இன்னும் மெல்லியதாக வெட்டுவதுதான் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் நாட்டுக்காக உழைத்தவரின் முதுமையை நாடு தாங்குவது தருமம் அல்ல, பாக்கி தீர்ப்பது என்பதே அவருடைய நிலைப்பாடு. தாயின் கையில் சொந்தமாக நாலு காசு இருந்தால் மகனின் வீட்டில் அவளுக்கு மதிப்புக் குறையாது, கூடும். எங்கள் அனுபவமும் அதைத்தானே சொல்கிறது.

மெக்கன்சி கிங்கின் லிபரல் கட்சி 1919 மாநாட்டிலேயே முதியோர் ஓய்வூதியத்தை வாக்குறுதிப் பட்டியலில் சேர்த்திருந்தது. 1921இல் ஆட்சிக்கும் வந்தது. ஆனால் காரியம் நகரவில்லை. வூட்ஸ்வேர்த் அவையில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1924இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, எழுபது வயதான ஏழைகளுக்கு மாதம் 20 டொலர்வரை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதுவும் கிடப்பில் கிடந்தது.

1925 ஒக்டோபர் தேர்தல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. லிபரல்களைவிடக் கன்சர்வேற்றிவ் கட்சிக்கு அதிக ஆசனங்கள் கிடைத்தன, ஆனாலும் பெரும்பான்மை இல்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே யோர்க் நோர்த் தொகுதியில் பிரதமர் கிங்கே தோற்றுப்போனார். ஆனாலும் பதவி விலகாமல், மேற்கு மாகாண விவசாயிகளின் உறுப்பினர்களை நம்பி ஆட்சியைத் தொடர்ந்தார். ஒவ்வொரு வாக்கெடுப்பும் நூலில் தொங்கியது. இரண்டு உறுப்பினர்கள் மட்டுமே கொண்ட தொழிற்கட்சிக் குழுவுக்கு அப்போதுதான் விலை வந்தது.

வூட்ஸ்வேர்த்தோடு இருந்த மற்றவர் ஏபிரகாம் ஹீப்ஸ். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து கனடாவுக்கு வந்த யூதத் தொழிலாளி, கதிரைகளுக்கு மெத்தை தைப்பது அவரது தொழில். வினிப்பெக் வேலைநிறுத்த வழக்கில் விடுதலையானவர். 1930களில் ஹிட்லரிடமிருந்து தப்பியோடிய யூத அகதிகளுக்குக் கனடா கதவைத் திறக்கவேண்டும் என்று மன்றாடியவரும் அவரே.

1926 ஜனவரியில் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். பிரதமர் கிங்குக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ஆதர் மீயனுக்கும் ஒரே கடிதம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாதோருக்கும் இந்தக் கூட்டத்தொடரில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வி. மீயன் உறுதி எதுவும் தரவில்லை. கிங் அவர்களை இராப்போசனத்துக்கு அழைத்துப் பேசினார். ஓய்வூதியச் சட்டமூலத்தைக் கொண்டுவருவோம் என்று எழுத்தில் தரும்படி அவர்கள் கேட்டார்கள், கிங் எழுதிக் கொடுத்தார். வாய்ச்சொல்லை நம்பி வாக்கைக் கொடுக்காமல் எழுத்தில் வாங்கியது, ஒப்பந்தங்கள் கிழிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

சட்டமூலம் மக்கள் பிரதிநிதிகளின் அவையில் நிறைவேறியது. ஆனால் நியமன உறுப்பினர்களைக் கொண்ட செனற் சபை ஜூன் மாதம் அதை நிராகரித்தது. அங்கே பெரும்பான்மை கன்சர்வேற்றிவ்களிடம் இருந்தது. சில வாரங்களில் சுங்கத் திணைக்கள ஊழலில் கிங்கின் அரசு கவிழ்ந்தது. செப்டெம்பரில் மறுபடி தேர்தல். செனற் முதியவர்களின் காசைத் தட்டிவிட்டது என்பதும் அந்தத் தேர்தலில் ஒரு பேச்சானது. கிங் வென்று வந்தார், சட்டமூலம் மறுபடி வந்தது, இம்முறை செனற் அதைத் தடுக்கவில்லை. 1927 மார்ச் மாத இறுதியில் கனடாவின் முதல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் பிறந்தது.

பிறந்த பிள்ளை மெலிந்த பிள்ளைதான். எழுபது வயதாகியிருக்க வேண்டும். கூடியது மாதம் 20 டொலர். ஓய்வூதியத்தையும் சேர்த்து வருட வருமானம் 365 டொலருக்குள், அதாவது நாளுக்கு ஒரு டொலருக்குள் இருக்கவேண்டும். வறுமையை அதிகாரியின் முன்னால் நிரூபிக்க வேண்டும். பெரியவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து, வீடு வளவு உட்பட, கொடுத்த பணத்தை அரசு திரும்பக் கோரலாம். செலவில் பாதியை மாகாணம் ஏற்கவேண்டும், மாகாணம் சேராவிட்டால் அங்குள்ளவர்களுக்கு எதுவும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா அதே வருடம் முதலாவதாகச் சேர்ந்தது. ஒன்ராறியோ 1929இல் சேர்ந்தது. கியூபெக் 1936இல்தான் வந்தது.

இவற்றைவிடக் கடினமான வேலிகளும் இருந்தன. விண்ணப்பிப்பவர் பிரித்தானியப் பிரசையாக இருக்கவேண்டும், கனடாவில் 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த மண்ணின் மூத்த குடிகளான பழங்குடி மக்கள் முற்றாக விலக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் முன்பே அங்கே இருந்தவர்களுக்கு வதிவிடம் காட்டியும் பயனில்லாத நிலை. வூட்ஸ்வேர்த்துக்குக் கிடைத்தது அவர் கேட்டதில் ஒரு துண்டுதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டார்.

1930களின் பெருமந்தத்தில் கனடாவில் வேறொரு கொடுமை நடந்தது. வேலையிழந்து அரச உதவி கேட்ட குடிவரவாளர்களைப் பொதுப்பணத்துக்குப் பாரம் என்று சொல்லி நாடு கடத்தினார்கள். அப்படிப் பல ஆயிரம் பேர் அனுப்பப்பட்டார்கள். உதவி கேட்பதே குற்றமான காலம். வூட்ஸ்வேர்த் அதை நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். 1932இல் தொழிலாளரையும் விவசாயிகளையும் சேர்த்துச் சி.சி.எஃப். என்ற புதிய கட்சி உருவானது, அதன் தலைவரானார். 1933இல் ரெஜைனா நகரில் கட்சி வெளியிட்ட கொள்கை அறிக்கையில் முதுமைக்கும் நோய்க்கும் வேலையின்மைக்கும் பொதுக் காப்புறுதி கேட்கப்பட்டது. மனிதாபிமானமற்ற நாடுகடத்தலை நிறுத்தும்படி குடிவரவுச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்றும், கனடாவில் வாழும் எல்லோரையும் இனம், நாடு, மதம் பாராமல் சட்டம் சமமாக நடத்தவேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. 1935 தேர்தலில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சி.சி.எஃப்.க்கு வாக்களித்தால் ஆசியர்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிடும் என்று எதிராளிகள் பயங்காட்டினார்கள். 1909இல் மனிதரை அடுக்கடுக்காக வைத்த எழுத்தாளரின் கட்சி, 24 வருடங்களுக்குப் பின் அந்த அடுக்கைக் கலைக்கும் பக்கம் நின்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சீனரும் தெற்காசியரும் 1947இல்தான் வாக்குரிமை பெற்றார்கள்.

1939 செப்டெம்பரில் கனடா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது, வூட்ஸ்வேர்த் தன் கட்சியின் முடிவுக்கே எதிராக எழுந்து நின்று போர் வேண்டாம் என்றார். ஹிட்லரை எதிர்க்காமல் எப்படி இருப்பது என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. போரால் நாடிழந்த நாங்கள் போரை வெறுக்கிறோம், எதிர்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் தனியே நின்ற அந்த மனிதரைப் பிரதமர் கிங்கே அவையில் மரியாதையோடு குறிப்பிட்டார். 1940 தேர்தலில் சொற்ப வாக்குகளால் வென்றார். அதே வருடம் பக்கவாதம் தாக்கியது. 1942 மார்ச் 21இல், 67 வயதில், வன்கூவரில் காலமானார். அவர் ஒருகாலத்தில் சுமை ஏற்றிய அந்தக் கரையோரக் கடலிலேயே சாம்பல் கரைக்கப்பட்டது. ஓய்வூதியம் பெறும் எழுபது வயதை அவர் காணவில்லை.

அவரது தொகுதிக்கு அந்த வருடமே ஸ்ரான்லி நோல்ஸ் என்ற இளம் போதகர் தெரிவானார். அவர் செய்த வேலைக்கு ஒரே பெயர்தான், ஓய்வூதியம். இடையில் நான்கு வருடம் தவிர 1984வரை அவையில் இருந்து, வருடா வருடம் அதையே கேட்டார். போருக்குப் பின் 1951இல் அரசியலமைப்பைத் திருத்தி, 1952 ஜனவரியிலிருந்து வறுமையை நிரூபிக்கத் தேவையில்லாத ஓய்வூதியம் வந்தது. எழுபது வயதான எல்லோருக்கும் மாதம் 40 டொலர். பழங்குடி மக்களும் அதில் சேர்ந்தார்கள். பிரித்தானியப் பிரசை என்ற நிபந்தனையும் அதில் இல்லை. 1970க்குள் வயது படிப்படியாக 65 ஆகியது, வருமானம் குறைந்தவர்களுக்கு 1967இல் மேலதிக உதவியும் வந்தது. 1977இல் வதிவிட விதி மாறியது. 18 வயதுக்குப் பின் 40 வருடம் கனடாவில் வாழ்ந்தால் முழுத் தொகை, பத்து வருடமாவது வாழ்ந்தால் அதற்கேற்ற பங்கு.

அந்தப் பத்து வருட விதிதான் எங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அன்று முப்பது வயதில் கரையேறியவருக்கு இன்று எழுபது வயதளவில். நாற்பது வருடக் கணக்கு அவருக்கு நிறைகிறது, முழு ஓய்வூதியம் அவருடைய உரிமை. ஆனால் வயது போனபின் பிள்ளைகள் பொறுப்பெடுத்துக் கூப்பிட்ட தாய் தகப்பனுக்குப் பத்து வருடம் ஒரு காசும் இல்லை. பத்து முடிந்தால் கால்பங்கு. கியூபெக் தவிர்ந்த கனடாவில் பெற்றோருக்குக் கையெழுத்து வைத்த பிள்ளையின் பொறுப்பு 20 வருடம். அதற்குள் பெற்றோர் சமூக உதவிப் பணம் வாங்கினால் பிள்ளை திருப்பிக் கட்டவேண்டும். சுப்பர் விசாவில் வந்திருப்பவர்கள் வருகையாளர்கள்தான், அவர்களுக்கு இந்தக் கணக்கே தொடங்குவதில்லை.

எழுபது வயதில் வந்து, எண்பதுவரை மகனின் சம்பளத்தையும் மருமகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளை வளர்த்து, சமைத்து, பேருந்துக் காசுக்கும் கேட்க வெட்கப்பட்டு வாழும் பெரியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. வீட்டுக் கடனும் இரண்டு வேலையுமாக அவர்களும் மூச்சுத் திணறுகிறார்கள். வெளியில் சொன்னால் மானக்கேடு என்று இருபக்கமும் பேசாமல் இருக்கிறது. 1921இல் ஒன்ராறியோ நம்பியதைத்தான், பிள்ளையின் கடமை எல்லாவற்றையும் தாங்கும் என்பதைத்தான், நாங்களும் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வூட்ஸ்வேர்த்தின் சி.சி.எஃப். 1961இல் என்.டி.பி. கட்சியாக மாறியது. கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரான ராதிகா சிற்சபைஈசன் 2011இல் ஸ்காபுறோவிலிருந்து தெரிவானது அந்தக் கட்சியின் சார்பில். இன்று எல்லாக் கட்சிகளும் எங்கள் வாக்குக்காகப் பொங்கல் விழாவுக்கு வந்து வேட்டியும் சேலையும் கட்டி நிற்கின்றன. 1926இல் இரண்டு வாக்குகளை வைத்துக்கொண்டு இரண்டு மனிதர்கள் கேட்ட கேள்வியை, இத்தனை ஆயிரம் வாக்குகளை வைத்திருக்கும் நாங்கள் அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? பொறுப்பெடுத்துக் கூப்பிட்ட பெற்றோரின் முதல் பத்து வருடத்துக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கலாம்.

அதற்கு முன் வீட்டில் செய்யக்கூடிய சிறு காரியங்களும் உண்டு. 65 வயதை நெருங்கும் பெரியவர் எந்த ஆண்டில் வந்தார், எத்தனை வருடம் வெளிநாட்டில் நின்றார் என்ற கணக்கையும் பழைய கடவுச்சீட்டுகளையும் ஒழுங்காக எடுத்துவைப்பது ஒன்று. வருமானம் குறைந்தவருக்கான மேலதிக உதவி கிடைக்குமா என்று விசாரித்து, கிடைக்குமென்றால் விண்ணப்பிப்பது இன்னொன்று. வருடா வருடம் வரிக்கணக்குச் செய்யாததால் அந்த உதவி நின்றுபோகும் பெரியவர்கள் உண்டு, அதையும் கவனித்துக்கொள்ளலாம். பணம் வந்து விழும்போது, இது பிச்சை இல்லை, இதற்காக ஒருவர் வேலை இழந்தார், சிறை போனார், மூட்டை சுமந்தார் என்று எங்கள் பெரியவர்களிடம் சொல்வதும் நல்லது.